காலி எடை

மூன்று மணிக்குக் குலுக்கல்.
மூன்றரைக்குள் வேலந்தாவளம் செக்போஸ்ட் தெருவில்
கிழித்துப் போட்ட சீட்டுகள்
செருப்பில் ஒட்டிக்கொண்டு எல்லை தாண்டும்.
நாலுக்கு மேல்தான்
லாட்டரிக் கடை மாடிக்கு ஏறி வருவார்கள்,
என் சீட்டைப் பார்க்க.

நடுவே உள்ள அரைமணி எனக்கு.

விரலில் எடைமேடையின் கிரீஸ் இருக்கும்.
நார் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன்.
ஃபோனை அரிசி டப்பாவில் போட்டு மூடுவேன்.
மின்விசிறியை நிறுத்துவேன்.
ஊதுபத்தி கிடையாது,
கீழ்க்கடை சசிதரனுக்கு இளைப்பு.
சீட்டுகளை எண்ணுவேன், எழுபத்தெட்டு.
போன வெள்ளி எழுபத்தேழுதான் வந்தது;
தேடினால்
பாய்க்கு அடியில் கிடந்தது நிலா.

இடது கையால் வெட்ட வேண்டும் என்பார்கள்.
இடது கையில் காசு நீட்டினால்
முகம் சுளிக்கிற ஊர் இது.
வலது கையே போதும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்த நோட்டு.

காலையில் இளநீர் ஏற்றப் போகிற லாரியை
முதலில் வெறுமனே நிறுத்துக் குறித்துக்கொள்வோம்:
தார்ப்பாய், ஸ்டெப்னி, மண்ணெண்ணெய் ஸ்டவ்,
பாதி டேங்க் டீசல், ஓட்டுகிற ஆள்.
சுமையோடு திரும்பி வரும்போது
இதைக் கழித்தால்தான் சரக்கு.
பதினோரு வருஷமாக இதே கழித்தல்.
சீட்டுக்கும் அதுதான் என்று
ஒருநாள் தோன்றியது.

அதனால் பென்சிலில் எழுதுவேன், ஒளிக்காமல்:
இன்று கடைவாய்ப் பல் வலி.
இன்று வாடகை பாக்கி, ஆகவே
வருகிறவர் கையைவிடப் பையைத்தான் பார்ப்பேன்.
இன்று அண்ணன் பேசிய பேச்சு
இன்னும் காதில்.
எழுதியதை வாசித்துவிட்டு
நீலத் துணியை விரிப்பேன்.
சீட்டு சொல்வதிலிருந்து
இவ்வளவையும் கழித்துவிட்டுத்தான்
வாய் திறக்க வேண்டும்.

நேற்று எழுதியது ஒரே வரி:
'ஒன்றுமில்லை. மனசு லேசு.'

முதல் ஆள் தெய்வாத்தாள், பிச்சனூர்.
நார் கம்பெனியில் வேலை.
புருவத்தில் மஞ்சளாய்த் தேங்காய்த் தூசி.
ஐந்து டிக்கெட் எடுத்து ஐந்தும் போச்சாம்.
கீழே சசிதரன் 'சாரமில்லா' என்றானாம்.
பரவாயில்லை என்கிறான் அவன்.
அவளுக்கு அது
சாறு இல்லை, வெறும் சக்கை என்று கேட்டிருக்கிறது.

ஒரு சீட்டு போதுமென்றாள். எடுத்தாள். திருப்பினாள்.

கோபுரம்.

இடி விழுந்து, உச்சி பிளந்து,
ஜன்னல் ஜன்னலாய்த் தீ.
எனக்கு வயிறு கலங்கியது.
அவள் அதை இரண்டு கையாலும் எடுத்து
கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
'கோபுரமே வந்துருக்குதுங்க.
கோடிப் புண்ணியம்.'

என்ன சொல்வது.
நோட்டைப் பார்த்தேன்.
கழிக்க அங்கே ஒன்றுமில்லை.
மெதுவாகச் சொன்னேன்:
'நல்லாப் பாருங்க அக்கா,
ரெண்டு பேர் விழுகிறாங்க.'

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
கீழே ஒரு மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும்
இரண்டு மொழியில் சண்டை.

'விழுகிலீங்க,' என்றாள்.
'குதிக்கிறாங்க.
உள்ளே தீப்பிடிச்சா
வேற என்ன பண்ணுவாங்க?'

அப்புறம், யாரிடமோ கணக்குச் சொல்வதுபோல்:
'மாடி வீடுங்க எங்க வீடு.
இருபத்திரண்டு வருஷம் ஆச்சுங்க
கட்டிக் கொடுத்து.'

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்தாள்.
நூறு ரூபாய்க்கு அவளிடம் ஐம்பதுதான் இருந்தது.
மீதிக்கு
நாளைய குலுக்கல் டிக்கெட் ஒன்றை
துணிமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்,
வேகமாக, இரண்டிரண்டு படியாக.

அவள் போன பிறகு
பென்சிலை எடுத்து
'ஒன்றுமில்லை'யை அடித்தேன்.
அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல்
எச்சில் தொட்டுச் சீட்டுகளை எண்ணினேன்.
எழுபத்தொன்பது வந்தது.